ஒரு குளியலுக்கு எத்தனை கிலோ நிலக்கரி?

நெய்வேலியில் பணி ஓய்வு நெருங்குகிறவர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் வீடு கட்டுவதில் வந்து நிற்கும். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வடலூர்ப் பக்கமோ எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் வேலை ஆரம்பமாகியிருக்கும். தளம் போட்டு, பூச்சு முடிந்து, டைல்ஸ் பார்க்கும் கட்டத்தில் குளியலறை வாசலில் ஒரு வழக்கு வந்து உட்காரும்: ஷவரா, பாத்டப்பா? வெளியூரில் வேலை பார்க்கும் மகன் டப் வைக்கச் சொல்வார். மருமகள், கூரையிலிருந்து மழைபோலக் கொட்டும் அகன்ற ஷவரைப் போனில் காட்டுவார். காலமெல்லாம் வாளியும் மக்குமாகக் குளித்த பெரியவர்கள் இரண்டையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள். “இப்பவே சொல்லிடுங்க சார், பைப் பதிச்ச பிறகு மாத்த முடியாது” என்று பிளம்பர் அவசரப்படுத்துவார்.

இது ரசனை சார்ந்த விஷயம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதற்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது. நெய்வேலிக்காரர்களுக்கு அது அந்நியமும் இல்லை. வெந்நீருக்கு வேண்டிய இரண்டு பொருட்களான தண்ணீரும் கரியும் அந்த ஊரின் காலடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

தரைக்குக் கீழே இருக்கும் அழுத்தம்

நெய்வேலியின் கதையே தண்ணீர் தேடிய கதை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956-இல் ஒரு நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனாலும் கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்டில்தான். மேலே இருந்த கெட்டி மண்ணை அகற்றுவது ஒரு பாடு என்றால், கரிக்குக் கீழே இருந்த தண்ணீர் அதைவிடப் பெரிய பாடு.

நிலக்கரிப் படுகைக்கு அடியில், மணற்பாறை அடுக்குகளுக்குள், பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் அடைபட்டுக் கிடக்கிறது. அது மேல்நோக்கித் தரும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை. இதை அப்படியே விட்டுவிட்டு மேலிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்தால், பாரம் குறைந்த சுரங்கத்தின் தரை உப்பி வெடித்துவிடும். அதனால்தான் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே கரி வெட்டுகிறார்கள். ஒரு டன் கரி மேலே வர, பல டன் தண்ணீர் அதற்கு முன்பே மேலே வந்தாக வேண்டும். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் குழாயை இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது. இன்று சுற்றுக் கிராமங்களின் விவசாயிகள் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்க வேண்டியிருக்கிறது.

இந்த 8 கிலோ அழுத்தத்தைக் குளியலறைக்குக் கொண்டு வருவோம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டர் மீது ஏறக்குறைய ஒரு கிலோ எடையாக அழுத்தும். அப்படியானால் 8 கிலோ அழுத்தம் தண்ணீரை 80 மீட்டர் உயரத்துக்கு, இருபத்தைந்து மாடிக்கும் மேலே, தூக்கி நிறுத்த வல்லது. நம் வீட்டில் என்ன இருக்கிறது? மொட்டைமாடியில் ஒன்றரை அடிக் கட்டைமேல் சின்டெக்ஸ் தொட்டி. உள்ளே ஏழடி உயரத்தில் ஷவர். இரண்டுக்கும் இடையே தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் இரண்டு மீட்டர் தேறினால் அதிகம். அழுத்தம் 0.2 கிலோ. சுரங்கத்துக்கு அடியில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு.

கடையில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக் காட்டிய ஷவர், வீட்டுக்கு வந்ததும் தூறலாகச் சுருங்கிவிடுவது இதனால்தான். பல ஷவர்கள் ஒரு கிலோ அழுத்தத்தையாவது எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அகலமான ‘மழை’ ஷவருக்கு இன்னும் கேடு. இருக்கும் கொஞ்சம் தண்ணீரும் நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் பங்கு போய்விடும்.

வீட்டுக்காரர் அடுத்து என்ன செய்வார்? பிரஷர் பம்பு வாங்குவார். ஷவரின் சிக்கனம் அங்கேதான் உடைகிறது. துளை வழியே பாயும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும். அழுத்தம் நான்கு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்காகும். 0.2 கிலோவில் நிமிடத்துக்கு 4 லிட்டர் கொடுத்த அதே ஷவர், பம்பின் தயவில் 1.5 கிலோ அழுத்தம் கிடைத்தால் நிமிடத்துக்கு 11 லிட்டர் கொட்டும். அமெரிக்கா 1990-களிலேயே ஒரு ஷவர் நிமிடத்துக்கு இரண்டரை காலனுக்கு, அதாவது சுமார் 9.5 லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. பம்பு வைத்த நம்மூர்க் குளியலறை அந்த வரம்பைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

டப்புக்கு அளவு தெரியும்

இனி டப். ஐந்தடி நீள அக்ரிலிக் டப் ஒன்று விளிம்பு வரை சுமார் 200 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பிவிட்டு இறங்கினால் வழியும். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஒருவர் தலையும் தோளும் வெளியே இருக்கச் சாய்ந்து உட்கார்ந்தால், உள்ளே போன உடம்பின் பருமனுக்குச் சமமான ஐம்பது லிட்டர் அளவுக்கு நீர்மட்டம் ஏறும். ஆர்க்கிமிடீஸ் கண்டது அதைத்தான். ஆக, நிரப்ப வேண்டியது 150 லிட்டர்.

இந்த 150 பெரிதா, சிறிதா? ஒரு நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டங்கள் வகுக்கும்போது வைத்துக்கொள்ளும் கணக்கு. அதில் குளிக்க 55 லிட்டர். மிச்சம், கழிப்பறை, துணி, பாத்திரம், சமையல், குடிநீர், வீடு கழுவுவது எல்லாவற்றுக்கும். டப்பில் ஒருமுறை முங்கி எழுந்தால் ஒருவருடைய அன்றாட ஒதுக்கீடு முழுவதும் போய், கூடப் பதினைந்து லிட்டர் கடனும் ஆகிவிடும்.

வடக்குத்தில் வீடு கட்டுகிறவருக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு வந்து, அங்கே சுத்திகரிக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்குப் போகிறது. 2004-இல் நிறைவேறிய திட்டம். அதன் முழுத்திறன் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். சென்னையில் பன்னிரண்டு லட்சம் பேர் ஆளுக்கொரு முறை டப்பை நிரப்பினால் அந்த 18 கோடியும் காலி.

இருந்தாலும் டப்புக்கு ஒரு நேர்மை உண்டு. எவ்வளவு செலவாகப் போகிறது என்பதை உள்ளே இறங்கும் முன்பே கண்முன் காட்டிவிடுகிறது. ஷவரில் அது தெரியாது. காலடியில் விழுந்த கணமே ஓடிப் போய்விடுகிற தண்ணீரை யாரும் அளப்பதில்லை. பம்பு வைத்த 11 லிட்டர் ஷவரின் கீழ் பதினான்கு நிமிடம் நின்றால் 154 லிட்டர், டப்பைத் தாண்டியாயிற்று. நிமிடத்துக்கு ஆறரை லிட்டர் தரும் சிக்கன ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 33 லிட்டர்கூட ஆகாது. ஆகவே “ஷவர் சிக்கனம், டப் ஊதாரி” என்பது பாதி உண்மை. டப்பின் செலவை அதைச் செய்த கம்பெனி தீர்மானிக்கிறது. ஷவரின் செலவைத் தொட்டியின் உயரமும் குளிப்பவரின் பொறுமையும் தீர்மானிக்கின்றன.

டப்பையும் சிக்கனமாக்கிய நாடு ஒன்று இருக்கிறது. ஜப்பானியர் முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, சுத்தமான உடம்போடு டப்பில் இறங்குவார்கள். ஒரே தண்ணீரில் வீட்டார் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக இறங்குவதும் உண்டு. எஞ்சியதைத் துணி துவைக்க எடுத்துக்கொள்வதும் உண்டு. நான்கு பேருக்கு ஒரே நிரப்பு என்றால் கணக்கு அடங்கிவிடும். ஒருவர் குளித்த நீரில் இன்னொருவர் குளிப்பதை நம் வீடுகளில் யார் ஒப்புவார்கள் என்பது வேறு விஷயம்.

வெந்நீரின் விலை

மார்கழியில் கேள்வியே மாறிவிடும். தண்ணீரைவிட அதைச் சூடாக்கும் செலவு முன்னால் வந்து நிற்கும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி, குளிக்க 38 டிகிரி என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்குப் பத்து கிலோகலோரி. 150 லிட்டர் டப்புக்கு 1,500 கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. எனவே டப்புக்கு ஒன்றேமுக்கால் யூனிட். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஷவரில் பத்து நிமிடம் என்றால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இருபது லிட்டர் வாளி இரண்டு என்றால் அரை யூனிட்கூட இல்லை.

அந்த யூனிட் எங்கிருந்து வருகிறது? நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதனால் கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோகலோரி வெப்பம்தான் தேறும். அனல்மின் நிலையம் அதில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கும்; மற்றது புகைபோக்கி வழியாகவும் குளிர்விப்புக் கோபுரத்து ஆவியாகவும் போய்விடும். 2,600-இல் மூன்றில் ஒன்று ஏறத்தாழ 860. அதாவது ஒரு கிலோ கரிக்கு ஒரு யூனிட். நெய்வேலிக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள இதைவிட எளிய வாய்பாடு கிடையாது. டப் குளியலுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கரி. இரண்டு வாளிக்கு அரைக் கிலோ.

கரியோடு தண்ணீரும் போகிறது. குளிர்விப்புக் கோபுரம் வைத்த பழைய அனல்மின் நிலையங்கள் ஒரு யூனிட்டுக்கு 3.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவிடக் கூடாது என்று 2015-இல் மத்திய அரசு வரம்பு விதித்தது. அந்த வரம்பின்படி பார்த்தாலும், ஒரு டப் தண்ணீரைச் சூடாக்க இன்னொரு இடத்தில் ஆறு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகலாம். கரியை எடுக்கும் முன் சுரங்கத்திலிருந்து இறைத்ததை இதில் சேர்க்கவில்லை.

மின்கட்டணத்தில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று புரியும். 2016-இல் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவித்தது. ஒரே ஒருவர் நாள்தோறும் வெந்நீர் டப்பில் குளித்தால் அறுபது நாளில் 104 யூனிட். இலவசம் முழுவதையும் ஒருவர் முதுகே குடித்துவிடும்.

கீசர் வாங்கும்போது இன்னொரு சங்கதி. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 15 லிட்டர் கீசர். அதில் 60 டிகிரிக்குச் சூடான 15 லிட்டரோடு 28 டிகிரித் தண்ணீர் 33 லிட்டர் கலந்தால் 38 டிகிரியில் 48 லிட்டர் கிடைக்கும். குளிக்க ஒதுக்கிய அந்த 55 லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஒருவர் தாராளமாக ஷவரில் குளிக்க இது போதும். டப்பை நிரப்ப அந்தக் கீசர் மூன்று முறை சூடாக வேண்டும். மூன்றாவது முறை சூடாவதற்குள் முதல் தண்ணீர் ஆறிப்போகும். டப் வேண்டுமென்றால் கீசரும் 50 லிட்டராக வேண்டும். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரின் 3 கிலோவாட் சக்தி நிமிடத்துக்கு 4.3 லிட்டரைத்தான் பத்து டிகிரி ஏற்றும். அதைக் கொண்டு டப் நிரப்ப முப்பத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் இடமிருந்தால் சூரிய வெந்நீர்க் கலன் வைத்துக் கரிக் கணக்கையே ஒழித்துவிடலாம். ஆண்டில் பெரும்பாலான நாள் வெயில் காயும் ஊருக்கு அது நன்றாகவே பொருந்தும்.

வெயில் ஊரில் உடம்பு என்ன கேட்கிறது?

சித்திரை வெயிலில் நெய்வேலியில் நாற்பது டிகிரியைத் தொடுவது சாதாரணம். அப்போது நம் உடம்பு குளிர்ச்சிக்கு நம்பியிருப்பது வியர்வை ஆவியாவதைத்தான். டப்பில் மூழ்கிய தோலில் வியர்வை ஆவியாக வழியில்லை. தண்ணீர் உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால் மட்டும் சுகம். காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால் முதல் சில நிமிடம் சிலுசிலுவென்றிருக்கும். ஷவரில் ஒவ்வொரு துளியும் விழும் வழியிலேயே கொஞ்சம் ஆவியாகிக் குளிர்ந்துகொண்டு வருகிறது. தலையில் இதமாக இருக்கும் தண்ணீர் பாதத்தில் சில்லிடுவதற்குக் காரணம் அதுதான். கோடைக்கு அது வரம். மார்கழியில் அதே குணம் நம்மைக் குழாயை இன்னும் கொஞ்சம் வெந்நீர்ப் பக்கம் திருப்ப வைக்கும்.

டப்புக்கும் நல்ல பக்கம் உண்டு. தண்ணீரின் மிதப்பு விசை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் மூட்டுவலிக்காரர்களுக்கு அதில் கிடைக்கும் ஆசுவாசத்தை எந்த ஷவரும் தராது. தூக்கத்துக்கு நல்லது என்பதும் உண்மை. ஆனால் அது டப்புக்கு மட்டும் உரியதல்ல. படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 டிகிரி வெந்நீரில் குளித்தால் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகத் தூக்கம் பிடிக்கிறது என்று அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் எழுதினார்கள். வெந்நீர் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்வெப்பம் கைகால் வழியாக வெளியேறுகிறது. உள்ளே குளிர்ந்த உடம்பு தூக்கத்துக்குத் தயாராகிறது. ஷவரோ டப்போ, இரண்டிலும் இது நடக்கும்.

ஆபத்து என்று பார்த்தால் டப் ஒரு படி மேலே. வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும்போது சட்டென்று எழுந்தால், அதுவரை சுற்றியிருந்த தண்ணீரின் அழுத்தமும் விலகி, ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். டப் குளியலை வழிபாடு போல நடத்தும் ஜப்பானில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் வீட்டு டப்பிலேயே இறந்துபோகிறார்கள். ஓய்வு பெறும் வயதில் வீடு கட்டுகிறவர், முழங்கால் உயரத்துக்கு மேலிருக்கும் வழவழப்பான விளிம்பை எழுபத்தைந்தாவது வயதிலும் தாண்ட வேண்டுமே என்று யோசிக்க வேண்டும்.

நம் வீட்டுக்கே உரிய இன்னொரு சோதனையும் இருக்கிறது: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வழிய, அக்ரிலிக் டப்புக்குள் கால் வைப்பதை நினைத்துப் பாருங்கள். விழாமல் தப்பித்து உட்கார்ந்தாலும் எண்ணெய் போகிற இடம் எங்கே? நீர்மேல் படலமாக மிதந்து, எழும்போது திரும்ப உடம்பிலேயே ஒட்டும். அரைத்த சீயக்காயின் திப்பி அடியில் படிந்து, வடிகாலை அடைக்கும். எண்ணெயை வெளியேற்றத் தேவை ஓடும் நீர். மக்கில் மொண்டு வேகமாக ஊற்றினால் அந்த வேகம் கிடைக்கும். நல்ல ஷவரிலும் கிடைக்கும்.

தளம் தாங்குமா?

டப்பின் எடையைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. டப் நாற்பது கிலோ, தண்ணீர் 150 கிலோ, ஆள் 65 கிலோ. இந்த 255 கிலோவும் ஒரு சதுர மீட்டர் இடத்தில் உட்காருகிறது. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. குளியலறை முழுப்பரப்புக்கும் பகிர்ந்தால் தளம் தாங்கிக்கொள்ளலாம். மாடியில் வைப்பதானால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. ஐந்துக்கு ஏழு அடி அறையில் டப் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டால், வாஷிங் மெஷினை எங்கே போடுவது என்ற சண்டை தனியாக வரும்.

பம்புசெட் கற்றுத்தரும் பாடம்

இரண்டையும் ஒன்றாக அனுபவித்தவர்கள் நெய்வேலியைச் சுற்றி ஏராளம். முந்திரித் தோப்புகளுக்கு இடையே பம்புசெட் ஓடும். தலைக்குமேல் பருத்த குழாயிலிருந்து பாயும் தண்ணீரில் நின்றால் ஷவர். கீழே சிமென்ட் தொட்டியில் அமிழ்ந்தால் டப். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் மேலே விழுந்தும் யாரும் அதை ஊதாரித்தனம் என்று சொன்னதில்லை. குளித்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கரும்புக்கோ மணிலாவுக்கோ போய்விடுகிறது. சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் அப்படித்தான், அனல்மின் நிலையத்துக்கும் வாலாஜா ஏரி வழியாக வயல்களுக்கும் போகிறது. வீட்டுக் குளியலறைத் தண்ணீர் மட்டும் நேரே சாக்கடைக்குப் போக வேண்டுமா? குளியலறை வடிகாலைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாக வெளியே எடுத்து வாழை, தென்னைக்குத் திருப்ப, கட்டும்போதே யோசித்தால் கூடுதல் செலவு சில அடிப் பைப்தான்.

கணக்கெல்லாம் கூட்டிப் பார்த்தால் தீர்ப்பு இப்படி வருகிறது. டப் வேண்டாம். மூட்டுவலிக்கு மருத்துவர் சொன்னால் மட்டும், தரைத்தளத்தில், பெரிய கீசரோடும் கைப்பிடிகளோடும் வைத்துக்கொள்ளலாம். ஷவர் வைக்கலாம், சிறிய, சிக்கன ரகமாக. பிரஷர் பம்பு வாங்கும் முன் தொட்டியின் கட்டையை இன்னொரு ஐந்தடி உயர்த்த முடியுமா என்று மேஸ்திரியைக் கேளுங்கள். உயரம் தரும் அழுத்தத்துக்கு மின்கட்டணம் ஏறாது. ஷவருக்குக் கீழே வாளி நிற்கும் உயரத்தில் ஒரு குழாயும், சுவரில் ஒரு கைப்பிடியும், பக்கத்தில் ஒரு உட்காரும் திண்ணையும் அவசியம். முட்டி மடக்க முடியாத காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஷவர் இருக்கிறவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். ஷவருக்குக் கீழே 20 லிட்டர் வாளியை வைத்து முழுவதும் திறந்துவிட்டு, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 1,200-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வரும். மூன்று நிமிடத்தில் நிரம்பினால் ஆறரை லிட்டருக்குச் சற்று மேல்; கவலையில்லை. ஒன்றரை நிமிடத்தில் நிரம்பினால் பதின்மூன்று லிட்டர். அதில் பன்னிரண்டு நிமிடம் நிற்கிறவர் வீட்டில் டப் இல்லாவிட்டாலும் தினமும் டப்பில்தான் குளிக்கிறார்.